2027 கெடு இப்போது இல்லை
"அமெரிக்காவில் 2027 முதல் டாக்டர் பட்டம் இல்லாமல் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (நோய், காயத்துக்குப் பிறகு அன்றாட வேலைகளைச் செய்ய உதவும் சிகிச்சையாளர்) ஆகவே முடியாது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது பழைய செய்தி. 2017-இல் இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பான ஏகோட் (ACOTE) அப்படி அறிவித்தது உண்மைதான். ஆனால் 2019-இல் முதுகலை, டாக்டர் பட்டம் இரண்டில் எது இருந்தாலும் போதும் என்று முடிவாகிவிட்டது. உரிமத்துக்கான தேர்வும் இரு தரப்புக்கும் ஒன்றே. பிசியோதெரபியோடு குழப்பிக்கொண்டார் போல. டாக்டர் பட்டம் கட்டாயமானது அங்கேதான்.

அப்புறம், ஓடிடியும் (OTD, ஆக்குபேஷனல் தெரபியில் டாக்டர் பட்டம்) பிஎச்டியும் ஒன்றல்ல. ஓடிடி சிகிச்சைத் தொழிலுக்கான பட்டம். உடல் இயக்க அறிவியலில் பிஎச்டி என்றால் ஆராய்ச்சி: பக்கவாதம் வந்தவரின் கை எப்படி மறுபடி அசையப் பழகுகிறது என்று அளந்து பார்ப்பது மாதிரியான வேலை. அதை மட்டும் முடித்துவிட்டு நோயாளிக்குச் சிகிச்சை தர முடியாது. பிஎச்டிக்குப் பெரும்பாலும் உதவித்தொகை கிடைக்கும். ஓடிடிக்குப் பலரும் கடன் வாங்கித்தான் கட்டுகிறார்கள்.