கேமராவுக்கு மூளை கிடையாதுங்க

கண்ணை மூடிப் படுத்தா, விட்டு விட்டு அடிக்கிற லைட்டால கண்ணுக்குள்ள நிறமும் கட்டமுமா தெரியுற ஒரு ஷோ இருக்கு. அது ஏமாத்து வேலைன்னு ஒருத்தர் போட்ட ரீலை ரெண்டு நாளா எல்லாரும் ஷேர் பண்ணித் தள்ளுறாங்க, நானும் பார்த்துட்டேன். சுத்திப் படுத்திருக்கிற அத்தனை பேரும் கண்ணை மூடியிருக்காங்க. ரீல்காரர் மட்டும் போனைத் தூக்கிப் பிடிச்சிருக்கார். வெள்ளை லைட் விட்டு விட்டு அடிக்குது. "இவ்ளோதாங்க, ட்யூப்லைட் ரிப்பேர்"னு நக்கல் வேற.

அய்யா, அது கண்ணை மூடிக்கிட்டு பார்க்கிற விஷயம்! அங்க இருக்கிறது வெறும் வெள்ளை லைட்தான், யாரும் மறைக்கலை. நொடிக்குப் பத்து தடவை போல அது மூடின இமை மேல விழும்போது நிறம், கட்டம், சுழல் எல்லாத்தையும் உண்டாக்கிறது உங்க மூளை. பக்கத்துல படுத்திருக்கிறவர் பார்க்கிறது வேற, நீங்க பார்க்கிறது வேற. கேமராவுக்கு ஒண்ணுமே கிடையாது. காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டு கச்சேரிக்கு விமர்சனம் எழுதின கதைதான்.

1958-ல பிரையன் கைசின்ங்கிற ஓவியர் பிரான்ஸ்ல மார்சேய் ஊருக்குப் போற பஸ்ல கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். சாலையோர மரங்களுக்கு நடுவுல வெயில் விட்டு விட்டு அடிக்க, கண்ணுக்குள்ள நிறமா கொட்டியிருக்கு. அப்புறம் நண்பர் இயன் சோமர்வில்லோட சேர்ந்து, ஓட்டை போட்ட உருளையை ரெக்கார்ட் பிளேயர்ல சுத்தவிட்டு, உள்ள ஒரு பல்பை வச்சு 'டிரீம் மெஷின்' செஞ்சாங்க. 2022-ல பிரிட்டன்ல அதையே பெரிய கூடமா, இசையமைப்பாளர் ஜான் ஹாப்கின்ஸோட இசையோட, நரம்பியல் விஞ்ஞானி அனில் சேத்தையும் சேர்த்துக்கிட்டு நடத்தினாங்க. எல்லாரும் எலக்ட்ரீசியன் போலிருக்கு.

"வலிப்பு இருக்கிறவங்களுக்கு ஆபத்தாச்சே"ம்பீங்க. உண்மைதான், அவங்க போகவே கூடாது. ஆனா நம்ம ரீல்காரர் அதையா சொன்னார்?

"எனக்கு ஒண்ணும் தெரியலையே"ன்னா அதுவும் சரி, சிலருக்கு அவ்வளவா வராது. ஆனா 'எனக்குத் தெரியலை'யில இருந்து 'ஏமாத்து வேலை'க்கு ஒரே தாவு தாவுறீங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

ஸ்கூல் படிக்கும்போது எனக்குத் திடீர்னு போர்டுல நடு எழுத்து காணாமப் போகும். அந்த இடத்துல கோணல்மாணலா ஒரு கோடு மினுங்கும். மெல்ல விரிஞ்சு ஓரத்துக்குப் போய் மறையும், அப்புறம் தலைவலி மண்டையைப் பிளக்கும். "கணக்குப் பரீட்சைன்னா மட்டும் வருமாடி உனக்கு?"ன்னு டீச்சர் கேட்க, கிளாஸே சிரிச்சுது. கண் டெஸ்ட்டுல கோளாறே இல்லைன்னு வந்ததும் வீட்டுலயும் நான் பொய்க்காரி ஆயிட்டேன். பல வருஷம் கழிச்சு ஒரு டாக்டர், நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள சீட்டுல அந்தக் கோட்டை வரைஞ்சு "இப்படியா?"ன்னார். மைக்ரேன் ஆராவாம், ஒத்தைத் தலைவலிக்கு முன்னாடி இப்படிக் காட்சி தெரியுறது. அங்கேயே அழுதுட்டேன்.

அது கண்ணுல இல்லை, மூளையில நடந்தது. அதுக்காக நான் பார்த்தது பொய்யா?

"இதுக்குப் போய் இவ்ளோ டென்ஷனா?"ன்னு கேப்பீங்க. ஆமா, டென்ஷன்தான். பிடிக்கலைன்னு சொல்லுங்க, பாதியில எந்திரிச்சு வாங்க, நான் கேட்கவே மாட்டேன். அடுத்தவங்க மூடின கண்ணுக்குள்ள ஒண்ணுமே இல்லைன்னு சொல்ல நீங்க யாரு?

கமெண்ட்ல சண்டைக்கு வர்றவங்க தாராளமா வரலாம். போனை வெளிய வச்சுட்டு ஒரு தடவை போய்ப் படுத்து எந்திரிச்சுட்டு வாங்க, பேசுவோம்.