கூஜாவும் ஐம்பதாம் நாளும்

கூஜா எண்டதும் யாரும் சிரிக்க வேண்டாம். நான் யாருக்கும் தூக்கேல்லை. சின்னச் சின்ன சென்சர் கருவிகளுக்கான கொண்டிக்கி எண்ட இயங்குதளத்தோட வாற சிமுலேட்டருக்குப் பேரே அதுதான். சென்சர் கணுக்களை (அளந்து ரேடியோவில அனுப்புற சின்னப் பெட்டிகளை) நிலத்தில நடமுதல் அவற்றின்ட மென்பொருளை லேப்டாப்புக்குள்ளேயே ஓடவிட்டுப் பார்க்கலாம். சில வகைக் கணுக்களுக்கு, சிப்பில ஏத்துற அதே ஃபேம்வெயரையே கொடுக்கலாம்.

அதை நான் தேடிப் போனது பட்ட பிறகு.

மட்டக்களப்பு படுவான்கரையில ஒரு வட்டையில, அதாவது வயல்வெளியில, வாய்க்கால் நீர்மட்டம் பார்க்க 12 கணு நட்டோம். பெரும்போக விதைப்போட ஒரே நாளில எல்லாத்தையும் ஒன் பண்ணினோம். மேசையில ரெண்டு கணுவை ஒரு கிழமை ஓட்டிப் பார்த்த தைரியம். மார்கழி மழைக்குள்ள, வயலுக்குத் தண்ணி விடுறதைப் பார்க்கிற வட்டவிதானை போன் எடுத்தார்: “மனே, உன்ட பெட்டியெல்லாம் ஒண்டா நித்திரையாப் போயிற்று.” மண்முனைப் பாலத்தால போய், முழங்கால் சேத்தில நிண்டு ஒவ்வொண்டா பற்றரியைக் கழற்றி மாட்டினேன். எல்லாம் ஓடிற்று! மழையில பழியைப் போட்டுவிட்டு வந்திட்டேன்.

மழையில்லை. கணு ஒன் ஆனதில இருந்து நேரத்தை எண்ணுற 32 பிட் மில்லிசெகண்ட் கவுண்டர் 49 நாள் 17 மணித்தியாலத்தில நிரம்பித் திரும்ப 0க்கு வரும். ‘இப்போதைய நேரம் கடைசியா அளந்த நேரத்தைவிடப் பெரிசா?’ எண்டு ஒரு வரி, பாதுகாப்புக்கெண்டு நானே எழுதினது; ‘இல்லை’ எண்டா கணு அளக்காது. 0க்குத் திரும்பினதும் அது ‘இல்லை’ எண்டே சொல்லிக்கொண்டிருக்கும், அடுத்த 49 நாளும்.

லினக்ஸ் கேர்னலில இதுக்கு ஒரு குறும்பு இருக்கு. அதின்ட நேரம் எண்ணுற 32 பிட் ஜிஃபீஸ் கவுண்டரை 0ல தொடங்காமல், நிரம்ப 5 நிமிசம் இருக்கிற இடத்தில தொடங்குவாங்க. பிழை இருந்தா பூட் ஆகி அஞ்சாவது நிமிசம் மாட்டிக்கொள்ளும். அதையே கூஜாவில செய்தேன். வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு 12 கணுவையும் ஓடவிட்டேன். தேத்தண்ணி ஆறமுதல் 12ம் ஊமை. அந்த வரியை அழிச்சு, இப்போதைய நேரத்தில இருந்து கடைசி நேரத்தைக் கழிக்கிறதை மட்டும் விட்டேன். குறியில்லாத எண்ணில கழிச்சா நிரம்பித் திரும்பினாலும் விடை சரியா வரும். சரியாயிற்று.

‘ஒரு கணுவில மேசையிலேயே பார்க்கலாமே’ எண்டு சிநேகிதன் கேட்டான். இந்தப் பிழைக்கு, ஓம். ஆனா 12ம் ஒரே நேரம் ரேடியோவில கத்தினா என்ன நடக்கும், நடுவில உள்ள கணு செத்தா மற்றது எந்த வழியால அனுப்பும் எண்டதை மேசையில எப்படிப் பார்க்கிறது? பன்னிரண்டையும் பரப்ப வீட்டில இடமுமில்லை.

அதுக்காக கூஜா சொல்றதெல்லாம் வேதமில்லை. அதுக்குள்ள இருக்கிற சாதாரண ரேடியோ மொடலில சிக்னல் ஒரு வட்டம், அவ்வளவுதான். நட்ட நாளில வயல் வெறும் சேறு. ஐம்பதாம் நாள் நனைஞ்ச பயிர் அன்டெனா மட்டத்துக்கு வந்திடும், 2.4 கிகாஹேட்ஸ் அதுக்குள்ளால போக முக்கும். தரவுப் பொதி (பக்கெட்) போய்ச் சேரும் வீதத்தைக் கையால குறைச்சு வச்சுத்தான் ஓட்டுறன். தூரத்தை நடந்து அளக்கத்தான் வேணும், பயிர் வளர்ந்த பிறகும் ஒருக்கா.

இந்தப் போகத்துக்குக் கோட் ரெடி. கம்பத்தில முதுகு தேய்க்கிற எருமைக்கு மட்டும் இன்னும் வழி காணேல்லை.