பேசிக்தானே என்று சிரிப்பவர்களுக்கு

பைக்கோ என்ற குட்டி கம்ப்யூட்டர் போர்டை, பேசிக் என்ற பழைய ப்ரோகிராம் மொழியில் ஓட்டுகிறேன் என்று போன வாரம் ஒரு நண்பரிடம் சொன்னேன். "இன்னுமா ஜிடபிள்யூ பேசிக்கை விடல?" என்று சிரித்தார். கம்ப்யூட்டர் சென்டரில் பீஸ் கட்டி 10 பிரிண்ட், 20 கோட்டு 10 என்று தட்டிய தலைமுறை நாங்கள். அவர் சிரிப்பது புரிகிறது. ஆனால் விஷயம் அது இல்லை.

தாராபுரம் பக்கம் தெரிந்த தம்பி ஒருவர் சிப்பிக் காளான் போடுகிறார். குடிலில் சூடு 28 டிகிரியைத் தாண்டினால் பனி போலத் தண்ணீர் தெளிக்கும் ஃபாகர் ஓட வேண்டும், அவ்வளவுதான் வேலை. முதலில் எஸ்டிஎம்32 ப்ளூ பில் என்ற இன்னொரு குட்டி போர்டில், சி மொழியில் செய்து கொடுத்தேன். அந்த போர்டோடு பழகியவர்களுக்குத் தெரியும்: ஒரு எல்இடியை எரிய வைப்பதற்கே முதலில் அந்த எல்இடி இருக்கும் பின் தொகுதிக்கு க்ளாக்கை (அதை இயங்க வைக்கும் துடிப்பை) திறந்துவிட வேண்டும். மறந்தால் எரர் எதுவும் வராது, விளக்கும் எரியாது. போதாக்குறைக்கு அதிலுள்ள எல்இடி 1 கொடுத்தால் அணையும், 0 கொடுத்தால் எரியும். எல்லாம் தாண்டித்தான் மாட்டினேன்.

பத்து நாளில் போன். "அண்ணா, கரண்டு வந்தாலே குடிலுக்குள்ள மழை பேயுதுங்ணா."

சூட்டை அளக்கும் டிஎஸ்18பி20 சென்சார், மின்சாரம் வந்ததும் அளக்கத் தொடங்கும் முன்பே கேட்டால் 85 என்று சொல்லும். அளந்து முடிக்க முக்கால் நொடி வரை ஆகும். நான் காத்திருக்காமல் படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறை கரண்டு வரும்போதும் முதல் அளவு 85, அடுத்த அளவு பத்து நிமிடம் கழித்து. அதுவரை ஃபாகர் கொட்டும். படுக்கையெல்லாம் ஊறிப்போனது. தப்பு என்னுடையதுதான், சி மேல் பழி போடவில்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்கப் பட்ட பாடு இருக்கிறதே! லேப்டாப், போர்டில் ஏற்றும் ப்ரோகிராமர் கருவி, கம்பைல், ஏற்று, காத்திரு, பார், மறுபடி கம்பைல். நடுவில் இன்னொரு கூத்து: போர்டில் ஓடுவது ஒரு வெர்ஷன், என் லேப்டாப்பில் இருந்த சோர்ஸ், அதாவது நான் எழுதிய வரிகள், வேறு.

அதற்கப்புறம்தான் பைக்கோவில் பேசிக்கை ஓட்டும் பைக்கோமைட் பக்கம் போனேன். ஆஸ்திரேலியாவின் ஜெஃப் கிரஹாம் எழுதிய எம்எம்பேசிக்கை, பீட்டர் மேதர் ராஸ்பெரி பை பைக்கோவுக்குக் கொண்டுவந்தது. பட்டனை அழுத்திக்கொண்டே யுஎஸ்பியில் சொருகினால் பென் டிரைவ் போலத் தெரியும், பைக்கோமைட் ஃபைலை இழுத்துப் போட வேண்டும், முடிந்தது. கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து, சூட்டைப் படிக்கும் டெம்ப்ஆரை சென்சார் மாட்டிய பின் நம்பரோடு சேர்த்து ஒரு பிரிண்ட் அடித்தால் 27.5 என்று பதில் வருகிறது. முக்கால் நொடிக் கதையை அதுவே பார்த்துக்கொள்கிறது. ஃபாகரை ஓட்டும் ரிலே சுவிட்சை இழுக்க வேண்டுமா, ஒரு வரி அடித்தால் 'டக்' சத்தம் கேட்கும். ப்ரோகிராமை எழுதும் எடிட்டரும் போர்டுக்குள்ளேயே இருக்கிறது. சோர்ஸும் அங்கேயேதான். எந்த லேப்டாப் செத்தாலும் கவலையில்லை, லிஸ்ட் என்று அடித்தால் மொத்தமும் வந்து நிற்கும்.

பேசிக் சுலபம் என்பதற்காக நான் இதைப் பிடித்துக்கொள்ளவில்லை. சி வரிகளும் பழகினால் சுலபம்தான். குடில் வாசலில் நின்று கேள்வி கேட்டால் போர்டு அங்கேயே பதில் சொல்கிறது பாருங்கள், அதற்காகத்தான். இந்த மாதிரி போர்டுகளுக்கான பைத்தான் மொழியான மைக்ரோபைத்தானும் பதில் சொல்லும், மறுக்கவில்லை. ஆனால் எடிட்டரைத் தேடி கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும், வரி முன்னால் ஒரு இடைவெளி பிசகினால் போச்சு.

சிரித்த நண்பருக்கு இன்னொன்று. பைக்கோவுக்குள் இருக்கும் ஆர்ம் வகைச் சிப் பிறந்ததே பேசிக் மடியில்தான். பிபிசி மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கம்ப்யூட்டருக்கு பேசிக் எழுதிய சோஃபி வில்சன்தான் ஆர்மின் கட்டளைத் தொகுப்பையும் வடிவமைத்தார். 1985 ஏப்ரலில் முதல் சிப் கைக்கு வருவதற்கு முன்பே, அது எப்படி ஓடும் என்று பிபிசி பேசிக்கில் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். நம் நாட்டுப் பள்ளிகளுக்கு 1984இல் கிளாஸ் என்ற கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் வந்து இறங்கியதும் அதே பிபிசி மைக்ரோதான்.

பேட்டரியில் வருடக்கணக்கில் ஓட வேண்டும், மைக்ரோ நொடிக் கணக்கு தப்பக்கூடாது, பத்தாயிரம் பீஸ் விற்க வேண்டும் என்றால் சி மொழிக்குப் போங்கள். வேலைக்கு இன்டர்வியூ என்றாலும் சிதான். அட, இந்த பேசிக்கையே யாரோ உட்கார்ந்து சியில் எழுதித்தானே நமக்குக் கொடுத்திருக்கிறார்கள்!

பேசிக் வந்ததால் நான் புத்திசாலி ஆகிவிடவும் இல்லை. போன மாதம் எலி சென்சார் வயரைக் கடித்துவிட்டது. சென்சார் கிடைக்காவிட்டால் டெம்ப்ஆர் 1000 என்று கொடுக்கும். 1000 என்பது 28ஐ விடப் பெரியது அல்லவா? மறுபடி மழை. இந்த முறை நான் பஸ் ஏறவில்லை. தம்பி தன் மகளின் விலையில்லா லேப்டாப்பைக் கொண்டுவந்து கேபிளைச் சொருகினார். போனில் நான் சொல்லச் சொல்ல, கண்ட்ரோல் சி அழுத்தி நிறுத்தி, எடிட் அடித்து, 100க்கு மேல் வந்தால் ஃபாகரை நிறுத்து என்று ஒரு வரி சேர்த்து, சேமித்து ஓட்ட எஃப்2 தட்டினார்.

நேற்று அந்தப் பக்கம் போனபோது லிஸ்ட் போட்டுப் பார்த்தேன். 28 இருந்த இடத்தில் 27 இருந்தது. "வெயில் ஏறுதுங்ணா, நானே மாத்திட்டேன்" என்றார்.