வானவில்லுக்கு நான் காசு தரமாட்டேன்

கொஞ்ச நாளா பழைய வெள்ளிக் காசு விக்கற இடத்துல எங்க பாத்தாலும் ஒரே வானவில்லா இருக்கு. விக்டோரியா ஒரு ரூபா, மயில்கழுத்து கலர்ல மின்னுது, கீழ "நேச்சுரல் ரெயின்போ டோனிங், ரொம்ப ரேர்"னு எழுதி (டோனிங்னா காசு மேல ஏறற கலர்) சாதாரண விலைக்கு மேல மூணு மடங்கு நாலு மடங்கு கேக்கறாங்க. வாங்கறவங்களும் இருக்காங்க. புதுசா சேகரிக்க வந்த பசங்கதான் அதிகம் மாட்டறாங்க, அதான் எழுதறேன்.

என் நிலைப்பாடு இதுதான்: காசுக்கு உள்ள விலையை குடுங்க, கலருக்கு தனியா ஒரு பைசா குடுக்காதீங்க. நம்ம ஊர் ரூபாய்க்கு நிச்சயமா குடுக்காதீங்க.

ஏன்னு கேட்டா, மொதல்ல கெமிஸ்ட்ரி. வெள்ளி மேல கலர் வர்றது காத்துல, காகிதத்துல, துணியில இருக்கற கந்தகத்தால. வெள்ளியும் கந்தகமும் சேந்து சில்வர் சல்பைடுனு ஒரு படலம் உக்காருது, ஒரு மில்லிமீட்டரை லட்சம் பங்கா போட்டா அதுல சில பங்கு கனம்தான் இருக்கும். மேல பட்டு திரும்பற வெளிச்சமும், படலத்துக்குள்ள போய் அடியில வெள்ளி மேல பட்டு திரும்பற வெளிச்சமும் ஒண்ணோட ஒண்ணு கலக்கும்போது சில நிறம் அடிபட்டு போயிடும், மிச்சம்தான் நம்ம கண்ணுக்கு தெரியுது. மழை நாள்ல ரோட்டுல பெட்ரோல் சிந்தி கலர் கலரா தெரியுமே, அதே சங்கதி. படலம் கனமாக கனமாக நிறம் ஒரு வரிசையில மாறும். முதல்ல வெளிர் மஞ்சள், தங்கம், செம்பழுப்பு, ஊதா, நீலம், அப்புறம் வெளிர் நீலம், திரும்பவும் மஞ்சள், மெஜந்தா, பச்சை, கடைசியா கறுப்பு. நாப்பது வருஷம் ஒரு பழைய அட்டை ஆல்பத்துல கிடந்தாலும் இதே படலம்தான், ஒரு ஆளு பொட்டாசியம் சல்பைடு கரைசல்ல முக்கி எடுத்தாலும், வேகவெச்ச முட்டையோட டப்பாவுல மூடி வெச்சாலும், கந்தகம் இருக்கற காகிதத்துல சுத்தி ஓவன்ல சூடு பண்ணாலும் அதே படலம்தான். அப்ப இயற்கை, செயற்கைனு நாம சண்டை போடறது எதைப் பத்தி? எவ்வளவு நாள் ஆச்சு, எந்த எண்ணத்துல செஞ்சாங்க, இது ரெண்டையும் பத்திதான். ரெண்டுமே காசு மேல எழுதி இருக்காது.

இந்த கலர் மோகம் பெருசா வளந்த இடம் அமெரிக்கா. அங்க அதுக்கு ஒரு நியாயமான கதை இருக்கு, அதை சொல்லாம விட்டா தப்பு. 1878-லேந்து 1904 வரைக்கும், அப்புறம் 1921-ல, மார்கன் டாலர்னு வெள்ளி டாலர் அடிச்சாங்க, 90 சதவீதம் வெள்ளி, 10 சதவீதம் செம்பு. சுரங்க முதலாளிங்களுக்காக சட்டம் போட்டு அடிச்ச காசு அது, ஜனங்க அவ்வளவா சீந்தல. அதனால ஆயிரம் ஆயிரமா கித்தான் மூட்டையில கட்டி கஜானாவுல போட்டுட்டாங்க. பல மூட்டை அறுபது எழுபது வருஷம் அப்படியே கிடந்துச்சு. மூட்டை ஓரத்துல துணியை ஒட்டி இருந்த காசுக்கு ஒரு பக்கம் மட்டும் கலர் ஏறுச்சு, சிலதுல துணியோட நெசவு கூட பதிஞ்சிருக்கும், மேல இன்னொரு காசு பாதி மூடி இருந்தா பிறை மாதிரி ஒரு பக்கம் கலர், மிச்சம் பளிச்சுனு வெள்ளி. 1960-கள் ஆரம்பத்துல அந்த மூட்டைகள் வெளிய வந்துச்சு (1903 நியூ ஆர்லியன்ஸ் டாலர் அதுவரைக்கும் தேடினாலும் கிடைக்காத காசு, மூட்டை பிரிச்சதும் விலை சரிஞ்சு பல டீலருங்க தலையில துண்டு). ஆக மார்கன் டாலர்ல இருக்கற கலருக்கு ஒரு பின்னணி இருக்கு, எங்க இருந்துச்சு எப்படி வந்துச்சுனு சொல்ல முடியும். அதுக்கு ஒருத்தர் கூடுதலா குடுத்தா எனக்கு புரியுது.

இங்க ஒரு கிளைக்கதை, எனக்கு ரொம்ப பிடிச்சது. 1918-ல பிட்மன் சட்டம்னு ஒண்ணு போட்டு 27 கோடிக்கு மேல அந்த வெள்ளி டாலரை உருக்கினாங்க. அதுல பெரும்பகுதி, கிட்டத்தட்ட 26 கோடி டாலரோட வெள்ளி, பிரிட்டன் கைக்கு வித்தது இந்தியாவுக்காக. முதல் உலகப்போர் நேரம், இங்க நோட்டை குடுத்துட்டு ஜனங்க வெள்ளி ரூபா கேட்டு நின்னாங்க, அரசாங்கத்துகிட்ட வெள்ளி இல்ல. அப்ப வந்த வெள்ளிதான் ஜார்ஜ் மன்னர் ரூபாயா அடிபட்டுச்சு. உங்க பாட்டி பெட்டியில இருக்கற 1919 ரூபாயில ஒரு மார்கன் டாலர் ஒளிஞ்சிருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. டோனிங் இல்லாமலே இது எனக்கு போதுமான சந்தோஷம்.

சரி, நம்ம ரூபாய்க்கு வருவோம். 11.66 கிராம், 91.7 சதவீதம் வெள்ளி. இது மூட்டையில தூங்கின காசு இல்ல. சந்தைக்கு போச்சு, வட்டிக்கு போச்சு, காது வெச்சு கழுத்துல தொங்குச்சு, பானையில போட்டு புதைச்சாங்க, பொங்கலுக்கு பொங்கல் எடுத்து புளி போட்டு தேய்ச்சாங்க, விபூதி போட்டு தேய்ச்சாங்க, இப்ப டூத்பேஸ்ட் போட்டு தேய்க்கறாங்க. தெளிவான அடுக்கடுக்கான வானவில் வரணும்னா அடியில அச்சடிச்ச அன்னைக்கு இருந்த பளபளப்பு, அந்த லஸ்டர், கெடாம இருக்கணும். ராணி கன்னம் தேஞ்சு, முடி தேஞ்சு, வருஷமே அரைகுறையா தெரியற காசுல நீலமும் ரோஸும் ஜொலிக்குதுன்னா சந்தேகப்படுங்க. அந்த மாதிரி காசுக்கு வர வேண்டியது சாம்பல், பழுப்பு, எழுத்து இடுக்குல கறுப்பு.

இன்னும் சில விஷயம் பாக்கலாம். நிறம் நான் சொன்ன வரிசையில ஒண்ணுலேந்து ஒண்ணுக்கு மெதுவா போகுதா, இல்ல மஞ்சள்லேந்து பச்சைக்கு திடீர்னு தாவுதா. எழுத்தையும் உருவத்தையும் ஒட்டி கலர் கொஞ்சம் விலகி மாறுதா, இல்ல பெயின்ட் அடிச்ச மாதிரி மேடு பள்ளம் பாக்காம ஒரே சீரா ஓடுதா. ஆனா இதெல்லாம் செய்யறவனுக்கும் தெரியும், அவனும் கத்துக்கறான்.

"ஸ்லாப் பண்ண காசு வாங்கினா பிரச்சினை இல்லயே"னு ஒரு வாதம் வரும், அதாவது ஒரு கம்பெனி பாத்து தரத்துக்கு கிரேடு போட்டு பிளாஸ்டிக் பெட்டியில சீல் வெச்சு தர்ற காசு. ஓரளவுக்கு சரி. ஆனா பிசிஜிஎஸ் மாதிரி பெரிய கம்பெனி கலரை நம்பலன்னா என்ன எழுதறாங்கன்னு கவனிங்க, "க்வெஸ்சனபிள் கலர்", கோட் 91. போலின்னு கூட இல்ல, சந்தேகத்துக்கு உரியதுனுதான். ஏன்னா அவங்களாலயும் நிரூபிக்க முடியாது. பாக்கறவங்க அனுபவம், அன்னைக்கு அவங்க அபிப்ராயம், அவ்வளவுதான். ஒரு தடவை திருப்பி அனுப்பின காசு அடுத்த தடவை கிரேடு வாங்கி வர்றதும் இந்த தொழில்ல நடக்கறதுதான். அந்த அபிப்ராயத்துக்கு நாலு மடங்கு விலை குடுக்க உங்களுக்கு வசதி இருந்தா குடுங்க, நான் தடுக்கல.

எனக்கு உண்மையில எரிச்சல் எங்கன்னா, கலர் ஏத்தறதுல கூட இல்ல, அது எதை மறைக்குதுங்கறதுல. தேய்ச்சு கழுவின காசுல மெல்லிசா ஆயிரம் கீறல் இருக்கும், லைட்ல சாய்ச்சா தெரியும், விலை பாதியாகிடும். அதே காசுக்கு மேல ஒரு நீலப் படலம் ஏத்திட்டா கண்ணு கலர்ல நின்னுடும், கீறல் வரைக்கும் போகாது. நான் பாத்த வானவில் ரூபாயில பெரும்பாலானது இந்த ஜாதிதான். புளி போட்டு கெடுத்ததை வானவில் போட்டு மூடி விக்கறாங்க. நல்ல காசு வெச்சிருக்கறவன் எதுக்கு அதை கந்தகத்துல முக்கப்போறான்?

உடனே எல்லா கலரையும் எடுத்துடறேன்னு தையோயூரியா டிப் (வெள்ளியில கறை எடுக்கற திரவம்) பாட்டிலை தூக்கிட்டு கிளம்பாதீங்க. அது சல்பைடை கரைக்கும்போது வெள்ளியும் கூடவே கொஞ்சம் போகும், ரெண்டு மூணு தடவை முக்கினா லஸ்டர் செத்து சுண்ணாம்பு அடிச்ச சுவரா நிக்கும். பழைய சாம்பல் கலரை அப்படியே விடுங்க. ரப்பர் பேண்ட் மட்டும் போட்டு வெக்காதீங்க, அதுல இருக்கற கந்தகம் காசு நடுவுல கறுப்பு கோடு இழுத்துடும், அந்த கோட்டுக்கு எவனும் ரெயின்போன்னு பேர் வெக்கமாட்டான். பிவிசி ஆல்பமும் வேண்டாம், பிசுபிசுனு பச்சையா ஒண்ணு கசியும்.

கடைசியா, இன்பாக்ஸ்ல ஒரே ஒரு போட்டோ அனுப்பி "அண்ணே இது ஒரிஜினல் டோனிங்கா"னு கேக்காதீங்க தம்பிங்களா. மொபைல் கேமராவே பாதி கலரை கூட்டி காட்டுது. ஒரே ஒரு பல்பு வெளிச்சத்துல காசை மெதுவா சாய்ச்சு சாய்ச்சு வீடியோ எடுத்து அனுப்புங்க, முன்பக்கம் பின்பக்கம் விளிம்பு மூணும். விக்கறவர் அந்த வீடியோ தர மாட்டேன்னா எனக்கு அனுப்பவே வேண்டாம்.