பிந்தரும் ஆஸ்கரும்: ஒரு திருத்தம்
குரோஷிய ஒளிப்பதிவாளர் தோமிஸ்லாவ் பிந்தர், 'இறகு சேகரிப்பவர்கள்' (1967) படத்துக்காக ஆஸ்கர் வென்றார் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. அந்தப் படம் யூகோஸ்லாவியாவின் சார்பில் சிறந்த வெளிநாட்டு மொழிப் படப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டது, அவ்வளவுதான். விருது செக்கோஸ்லோவாக்கியப் படத்துக்குப் போனது. ஒளிப்பதிவு விருதைப் பெற்றவர் 'போனி அண்ட் கிளைட்' படத்தின் பர்னெட் கஃபி. ஆஸ்கர் அகாதமியின் இணையதளத்தில் விருதுப் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. 1967 என்ற ஆண்டைத் தேர்ந்தெடுத்து இரு பிரிவுகளையும் பார்த்தால் போதும். பிரான்சின் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசை அந்தப் படம் பகிர்ந்துகொண்டது உண்மை. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். ஓடும் லாரியிலிருந்து வெள்ளை இறகுகள் சாலையெங்கும் பறக்கும் அந்தக் காட்சியைப் படமாக்கியவருக்கு இல்லாத விருதைச் சூட்ட வேண்டிய தேவையே இல்லை.