தராசு பொய்யா, மூட்டையில் கல்லா?

ஞாயிற்றுக்கிழமை பாலக்கோட்டு விழாவில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மனசு கேட்கவில்லை.

ஒன்பதாவது படிக்கிற பிள்ளை டார்க் மேட்டர் (கண்ணுக்குத் தெரியாத, ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருள்) பற்றி நாலு வரி பேசினாள். சிறப்பு விருந்தினர் மைக்கை வாங்கி, "கண்ணுக்கே தெரியாததை இருக்கு என்கிறார்கள், எல்லாம் வெறும் யூகம், போய்ப் பாடத்தைப் படி" என்றார். மண்டபமே சிரித்தது.

யூகம் இல்லை ஐயா. விஞ்ஞானிகள் சோதித்துப் பார்க்கிறார்கள்.

எங்கள் அப்பா அரூர் பக்கம் புளி வியாபாரம் செய்தவர். மூட்டையைப் பார்த்தே எடை சொல்வார். ஒரு நாள் அவர் 35 கிலோ என்ற மூட்டை தராசில் 42 காட்டியது. சண்டை போடவில்லை. பக்கத்து அரிசிக்கடைத் தராசில் தூக்கி வைத்தார். அங்கேயும் 42. அப்புறம்தான் சாக்கைப் பிரித்துக் கொட்டினார். அடியில் செங்கல் துண்டுகள், புளி ஒட்டிப் பிசுபிசுவென்று.

சந்தேகம் இரண்டுதான்: தராசு பொய், இல்லையென்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. வானத்தில் தராசு என்பது ஈர்ப்பு விதி. அங்கேயும் இரண்டும் நடந்திருக்கிறது. யுரேனஸ் கணக்குப்படி நகரவில்லை. உள்ளே ஏதோ இருக்கிறது என்று தேடினார்கள், 1846-இல் நெப்டியூன் கிடைத்தது. புதன் கிரகமும் கணக்குக்கு அடங்கவில்லை. அங்கேயும் ஒரு கிரகத்தைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. தப்பு தராசில் இருந்தது. நியூட்டனின் கணக்கை 1915-இல் ஐன்ஸ்டைன் திருத்தினார்.

சூரியனுக்குப் பக்கத்திலிருக்கும் புதன் வினாடிக்கு 47 கிலோமீட்டர் ஓடுகிறது, தூரத்து நெப்டியூன் 5தான். கோடிக்கணக்கான விண்மீன்கள் சுற்றும் விண்மீன் மண்டலத்திலும் (கேலக்ஸி) ஓரத்தில் வேகம் குறைய வேண்டும். குறையவில்லை என்று 1970-இல் வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா என்ற மண்டலத்தை அளந்து காட்டினார்கள். உள்ளே தெரியாத பொருள் இருக்கிறது, அதுதான் டார்க் மேட்டர் என்றார்கள் பலர். இல்லை, ஈர்ப்பு விதியே அங்கே வேறு என்றார் மில்க்ரோம் என்ற இயற்பியலாளர், 1983-இல். அவர் கையிலிருந்து யாரும் மைக்கைப் பிடுங்கவில்லை. இன்றைக்கும் சோதிக்கிறார்கள்.

எப்படி? இரண்டு தராசு, ஒரே மூட்டை. சுமார் 45 கோடி ஒளியாண்டு தூரத்தில் இ.எஸ்.ஓ. 325-ஜி004 என்றொரு மண்டலம். அதற்குப் பின்னாலிருக்கும் இன்னொரு மண்டலத்தின் ஒளியை அது தன் ஈர்ப்பால் வளைத்து வளையமாகக் காட்டுகிறது, ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி படமெடுத்தது. வளைவிலிருந்து ஒரு எடை. உள்ளே விண்மீன்கள் ஓடும் வேகத்தைச் சிலியிலிருக்கும் தொலைநோக்கியில் அளந்து இன்னொரு எடை. 2018-இல் ஒப்பிட்டார்கள். ஐன்ஸ்டைன் கணக்குப்படி இரண்டும் பொருந்தின, பிழை வரம்பு சுமார் 9 சதவீதம். மில்க்ரோம் கதை இதோடு முடிந்தது என்று சொல்ல மாட்டேன். தராசு மேலிருந்த சந்தேகம் குறைந்தது, அவ்வளவுதான். உள்ளே இருப்பது என்ன துகள் என்று தெரியாது. அந்த மூட்டையை இன்னும் யாரும் பிரிக்கவில்லை. அதையும் அவர்களே சொல்கிறார்கள்.

"பெரியவரைப் பற்றி இப்படி எழுதலாமா?" என்பீர்கள். பிள்ளையை அப்படிப் பேசலாமா?

"இதனால் தக்காளி விலை ஏறுமா?" என்று மாமா ஒருவர் கேட்டார். ஏறாது மாமா. தக்காளியை ரோட்டில் கொட்டிய வருஷங்கள் எனக்கும் தெரியும், நானும் அந்த வீட்டுப் பிள்ளைதான். அதற்காக நம் பிள்ளைகள் வானத்தைப் பார்க்கக் கூடாதா?

பத்தாவதில் நான் ஒரு கேள்வி கேட்டேன். வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் எந்த வகுப்பிலும் கை தூக்கவில்லை. 2.34 மீட்டர் தொலைநோக்கி நமக்குப் பக்கத்தில், ஜவ்வாது மலையில், காவலூரிலேயே இருக்கிறது. அதைப் பார்க்க நான் போனபோது எனக்கு வயது 34.

நேற்று அந்தப் பிள்ளை என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். மீதிச் சில்லறையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "அண்ணா, நான் பேசினது தப்பா?" என்றாள்.

விழாவில் எடுத்த அந்த வீடியோவைச் சிரிப்புப் பொம்மை போட்டு இன்னும் பகிர்கிறவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அவள் அப்பா போனுக்கும் அது வந்துவிட்டது.