பையன் தயாரா என்று கேட்காதீர்கள்

அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வொரு செப்டம்பரிலும் இதே வழக்கு. கல்லூரியிலிருந்து வந்த இளம் குவாட்டர்பேக்கை, அதாவது பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவனை, உடனே களமிறக்குவதா, ஓராண்டு உட்கார வைப்பதா? பையன் தயாரா, பக்குவம் இருக்கிறதா என்று எல்லோரும் அவனையே அளந்து பார்க்கிறார்கள். எனக்கு இந்தக் கேள்வியின் மீதே கோபம். அவனுக்கு முன்னால் அரணாக நிற்க வேண்டிய முன்வரிசை ஐந்து பேர் தயாரா என்று ஏன் யாரும் கேட்பதில்லை?

டேவிட் காரை நினைத்துப் பாருங்கள். 2002இல் புதிதாகத் தொடங்கப்பட்ட ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணி, கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டின் முதல் தேர்வாக அவரை எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே டல்லஸ் கௌபாய்ஸை 19-10 என வென்றார்கள். ஆனால் அவருடைய இடப்பக்கத்தைக் காப்பதற்கென்று எடுத்த டோனி பொசெல்லி, தோள் காயத்தால் அந்த அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அந்தப் பருவத்தில் பந்தை வீசுவதற்கு முன்பே கார் தரையில் சாய்க்கப்பட்டது 76 முறை. இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை. ஹூஸ்டனில் ஆடிய ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 249 முறை. இத்தனை அடி வாங்கியவனின் கண், பந்தைப் பிடிக்க ஓடும் தோழனையா தேடும்? தன்மேல் பாய வருகிறவனைத்தான் தேடும். அந்தப் பதற்றம் உடம்பில் ஊறிவிட்டால் எந்தப் பயிற்சியாளராலும் அதை எடுக்க முடியாது.

உடனே பெய்ட்டன் மேனிங்கைக் காட்டுவார்கள். 1998இல் முதல் பருவத்திலேயே ஆடி, 28 முறை பந்தை எதிரணியின் கையில் கொடுத்தார். இண்டியனாபொலிஸ் கோல்ட்ஸ் மூன்றே ஆட்டங்களில் வென்றது. அடுத்த ஆண்டு 13 வெற்றி. தப்பு செய்துதான் கற்றார் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்த 16 ஆட்டங்களில் மேனிங் சாய்க்கப்பட்டது 22 முறை மட்டுமே. நிமிர்ந்து நின்று தப்பு செய்ய அவருக்கு நேரம் கிடைத்தது. காருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

தண்ணீரில் இறக்கினால்தான் நீச்சல் வரும் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கிணற்றில் பிள்ளைகளை இறக்கிய நம் பெரியவர்கள் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிவிட்டுத்தான் இறக்கினார்கள்.

பேட்ரிக் மஹோம்ஸ் 2017 முழுவதும் தன் அணியின் மூத்த குவாட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் காத்திருந்து, கடைசி ஆட்டத்தில் மட்டும் ஆடினார். அடுத்த ஆண்டே 50 டச்டவுன், அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்கும் வீச்சு, வீசினார். காத்திருப்பது யாரையும் கெடுத்துவிடாது. அவசரம் அணிகளுக்குத்தான். அணிகளும் வீரர் சங்கமும் செய்துகொண்ட 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு புதியவர்களின் சம்பளம் கட்டுக்குள் வந்துவிட்டது. அந்த மலிவான நான்கைந்து ஆண்டுகளை வீணாக்கக் கூடாது என்ற கணக்கு, பையனின் விலா எலும்பை எண்ணுவதில்லை.

உடனே இறக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதே ஹூஸ்டனில் 2023இல் சி. ஜே. ஸ்ட்ரவுட் முதல் வாரமே இறங்கினார். 23 டச்டவுன் வீசினார், எதிரணியிடம் பறிகொடுத்தது ஐந்தே பந்துகள், அணி தன் பிரிவில் முதலிடம். மகிழ்ந்து போனேன். மறு ஆண்டு முன்வரிசை ஆட்டம் கண்டது. அவர் 52 முறை சாய்க்கப்பட்டார், பறிகொடுத்த பந்துகள் 12 ஆயின. அதே கை, அதே மூளை. ஆனாலும் அந்தக் குளிர்காலம் முழுவதும் ஸ்ட்ரவுட்டுக்கு என்ன ஆயிற்று என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.